விளக்கம் மலிந்த காலத்தில் கற்றல்

மேசை மேல் தட்டும் கோப்பையும் அடுக்கியிருக்க, அடியில் கிடக்கும் விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவி எடுக்கும் வித்தையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த வித்தையின் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் வேறு சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். அப்புறம், "உங்களால் இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்கள். அதிக முறை பார்த்தவர்களுக்கு அதிக நம்பிக்கை இருந்தது. அம்பு எறிதல், மூன்வாக் நடனம் போன்றவற்றில் இன்னும் ஒரு படி மேலே போய், பார்த்தவர்களைச் செய்யவும் வைத்தார்கள். இருபது முறை பார்த்தவர்கள் நன்றாக வரும் என்ற நினைப்போடுதான் தொடங்கினார்கள். ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்யவில்லை.

இணையம் கற்றலை எப்படி மாற்றுகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. விளக்கம் கிடைப்பது ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. நல்ல ஆசிரியர் வாய்க்க வேண்டும், நூலகம் பக்கத்தில் இருக்க வேண்டும், புத்தகம் வாங்கக் காசு வேண்டும். இன்று எந்தப் பொருளைப் பற்றியும் பத்து விதமான விளக்கங்கள் கையிலேயே இருக்கின்றன. விளக்கம் மலிந்துவிட்டது. ஆனால் விளக்கத்தைக் கேட்பதற்கும் கற்பதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. தானே முயல்வது, தவறுவது, எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்வது, மறந்ததை மறுபடி தேடி எடுப்பது, இவையெல்லாம் அந்தத் தூரத்தில்தான் நடக்கின்றன. புதிய தொழில்நுட்பம் ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இது அந்தத் தூரத்தை நடக்க உதவுகிறதா, நடந்துவிட்டதாக நினைக்க வைக்கிறதா?

கதவு திறந்தது

முதலில், கிடைத்தது எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லிவிட வேண்டும். டிம் பெர்னர்ஸ் லீ 1989 மார்ச்சில் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்த முன்மொழிவில் பேசியது மிகச் சாதாரணமான ஒரு சிக்கலை. ஆய்வாளர்கள் வருகிறார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், அவர்களோடு அவர்களுக்குத் தெரிந்ததும் போய்விடுகிறது. அதை இணைத்து வைக்க ஒரு வழி வேண்டும். அறிவு தொலைந்துபோகாமல் காப்பதற்காகவே பிறந்ததுதான் இணையப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைக் கட்டணம் எதுவுமின்றி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அந்த முடிவு மட்டும் வேறு மாதிரி இருந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் இப்படி நடந்திருக்காது.

2001 ஜனவரியில் விக்கிபீடியா தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. பட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, பாடம் மட்டும் உண்டு. அதுவரை பல்கலைக்கழகங்கள் மதில் கட்டிக் காத்துவந்ததை ஒரு பல்கலைக்கழகமே தூக்கி வெளியே வைத்தது. 2004இல் சல்மான் கான் தொலைவில் இருந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவினர்களும் கேட்கவே, 2006இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். அதுதான் கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளமாக வளர்ந்தது.

இந்த வீடியோக்களின் உண்மையான கொடை எது என்று கேட்டால், நிறுத்தும் பொத்தானைத்தான் சொல்வேன். வகுப்பில் ஒரு விஷயம் புரியவில்லை என்றால் ஒரு முறை கேட்கலாம். இரண்டாவது முறை கேட்கத் தயக்கம் வரும். மூன்றாவது முறை யாரும் கேட்பதில்லை, தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். வீடியோவுக்கு முன்னால் அந்தக் கூச்சம் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை இன்று யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். பின்னப் பெருக்கலில் தடுமாறியதாலேயே இயற்கணிதத்தைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, ஒரே தவறைச் செய்த பிறரைக் கண்டுபிடிக்க முடிவது. நிரல் எழுதப் பழகுபவர் ஒரு பிழைச்செய்தியில் சிக்கிக்கொண்டால், அதே செய்தியோடு முன்பே ஒருவர் திண்டாடி, வேறொருவர் விடை சொல்லியிருப்பதை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற தளத்தில் தேடி எடுத்துவிடலாம். அந்தத் தளம் 2008இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தனியாகக் கற்றவர் ஒரு நாள் முழுக்க ஒரு காற்புள்ளியைத் தேடி அலைந்திருப்பார்.

பதிவு செய்தவர்கள், முடித்தவர்கள்

கதவு திறந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்த ஒரு காலம் இருந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, உடாசிட்டி, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் மூன்றும் வந்தன. பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்றுகூடப் பேசினார்கள்.

அந்த முதல் பாடத்தை முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். அதுவும் பெரிய எண்தான். பின்னால் வந்த பாடங்களில் விகிதம் இன்னும் இறங்கியது. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் தரவை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ் வலியென்தே இருவரும் அலசி 2019இல் வெளியிட்டார்கள். 2017-18இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் உள்ளேயே நுழைந்து பார்க்கவில்லை.

இந்த எண்ணைக் காட்டி இணையப் பாடங்களைக் கேலி செய்வது நியாயமில்லை. பதிவு செய்ய ஒரு நொடிதான் ஆகிறது. ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகவும் சிலர் வருகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கோர்செராவில் நடத்திய பாடங்களில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 35,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள் என்று தெரியவந்தது. படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்காகத் திறந்த கதவு வழியாக, முன்பே படித்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள்.

காரணம் புரியாததல்ல. தனியாகக் கற்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். எங்கே நிறுத்துவது, எப்போது குறிப்பெடுப்பது, புரியாதபோது எதைத் தேடுவது, சோர்வு வந்தால் எப்படித் தொடர்வது என்பதெல்லாம் பள்ளியிலும் கல்லூரியிலும் பிறர் நடுவே உட்கார்ந்து பழகியவை. அந்தப் பழக்கம் உள்ளவருக்கு இணையம் பொக்கிஷம். இல்லாதவருக்கு அதே இணையம் பாதி பார்த்து விட்ட வீடியோக்களின் நீண்ட பட்டியல். வகுப்பறை பாடத்தை மட்டும் தரவில்லை. நேரம் குறித்துத் தந்தது, பக்கத்தில் ஆள் தந்தது, நாளைக்குக் கேள்வி கேட்பார்கள் என்ற அச்சத்தையும் தந்தது. வீடியோவாக மாற்றும்போது பாடம் மட்டும் வந்தது, மற்றவை வரவில்லை.

எளிதாகத் தோன்றுவதன் சிக்கல்

இங்கே சற்று நின்று, நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் எந்தத் தொழில்நுட்பத்தையும் எடைபோட முடியாது.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுக்கப்பட்டது. ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்குப் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. வியப்பு என்னவென்றால், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான்.

ஹார்வர்டில் லூயி டெலோரியர்ஸ் குழு 2019இல் வெளியிட்ட இயற்பியல் வகுப்பு ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பக்கம் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரை. மறுபக்கம் அதே பாடத்தில் மாணவர்களே சிறு குழுவாக உட்கார்ந்து கணக்கோடு போராடுவது. போராடியவர்கள்தான் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். எதில் அதிகம் கற்றோம் என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். போராட்டம் மனத்துக்குத் தோல்வியைப் போலத் தெரிகிறது. சரளம் மனத்துக்கு வெற்றியைப் போலத் தெரிகிறது.

இப்போது யூடியூபையோ வேறெந்தக் கல்விச் செயலியையோ நினைத்துப் பாருங்கள். ஒரு வீடியோ பார்க்கப்படுமா, கைவிடப்படுமா என்பதை அதன் சரளமே தீர்மானிக்கிறது. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசிய 2014 ஆய்வு, ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களையே மாணவர்கள் விட்டுவிடாமல் பார்க்கிறார்கள் என்று கண்டது. அதன் பிறகு எல்லோரும் பாடத்தை ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டத் தொடங்கினார்கள். அது பார்ப்பவரைத் தக்கவைக்கும் வழி. பார்த்தவர் என்ன கற்றார் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. மிக அழகான அசைவூட்டத்தோடு வரும் கணித வீடியோக்களை நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஒரு முறை நிகழ்தகவு பற்றிய ஒன்றைப் பார்த்து முடித்ததும் தாளை எடுத்து அதே கணக்கைப் போட உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. பார்க்கும்போது ஒவ்வொரு அடியும் வெட்டவெளிச்சமாக இருந்தது, ஆனால் அடுத்த அடி எது என்று தேர்ந்தெடுத்தது வீடியோதான், நான் இல்லை. கற்றல் அப்படித் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

இதே நினைவு ஆய்வை அடித்தளமாக வைத்து எழுந்த தொழில்நுட்பமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறக்கப்போகும் தறுவாயில் ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டால், அடுத்த முறை அது இன்னும் மெதுவாக மறக்கும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதை அட்டைப் பெட்டியாக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்கே திரும்பும். 1980களில் போலந்தில் பியோட்டர் வோஸ்னியாக் அதைக் கணினி நிரலாக்கினார். 2006இல் வந்த ஆங்கி செயலி அதே வழியில் வந்ததுதான், இலவசமாகவும் கிடைக்கிறது. மருத்துவ மாணவர்களும் மொழி கற்பவர்களும் இதை நம்பி இருக்கிறார்கள்.

ஆங்கியின் முகப்பில் அழகு எதுவும் கிடையாது. ஒரு கேள்வி வரும், நீங்களே விடையை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும். எந்த அட்டையை என்றைக்குக் கேட்பது என்ற கணக்கைத்தான் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான அட்டைகளுக்குத் தனித்தனியாக நாள் குறிப்பது மனிதருக்கு முடியாத வேலை, கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. நினைவுகூரும் வேலையோ முழுக்க மனிதரிடமே இருக்கிறது. வேலையை இப்படிப் பிரித்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கருவி கொடுத்தால் போதுமா

இந்தக் கேள்விக்கு விடை ஓரளவு தெரிந்துவிட்டது. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் பெரு நாடு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. 319 பள்ளிகளில் நடந்த மதிப்பீடு 2012இல் வந்தது: கணினி பயன்பாடு கூடியது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. அந்தக் கணினியை வைத்து எதைச் செய்வது என்பது ஆசிரியருக்கும் தெரியவில்லை, குழந்தைக்கும் தெரியவில்லை.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் 2019இல் வெளியிட்டார்கள். அங்கே முதலில் தெரியவந்த உண்மையே கசப்பானது: வகுப்பு ஏற ஏற, பாடப்புத்தகம் இருக்கும் நிலைக்கும் மாணவர் உண்மையில் இருக்கும் நிலைக்கும் இடையே பள்ளம் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. எட்டாம் வகுப்பில் இருப்பவருக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே கைவராமல் இருக்கும், ஆசிரியரோ எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தியாக வேண்டும். மென்பொருள் ஒவ்வொருவரையும் சோதித்து, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மாணவர்கள் இந்த மென்பொருளில் பயின்ற மையத்தில் சிறு குழுக்களாகக் கற்றுக்கொடுக்க உதவியாளர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது நிலைகள் இருக்கும். இதை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். நாற்பது பேருக்கும் தனித்தனியாகக் கேள்வி தயாரிக்க எந்த ஆசிரியருக்கும் நேரமில்லை. கணினிக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்றால் அது இதுதான்.

பதில் சொல்லும் இயந்திரம்

1984இல் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரை கல்வித் தொழில்நுட்பத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் கற்ற 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்றது அது. எல்லோருக்கும் தனி ஆசிரியர் வைக்க முடியாதே, அந்தப் பலனை வேறு வழியில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் புளூம் கேட்ட கேள்வி. அவ்வளவு பெரிய பலனைப் பின்னால் வந்த ஆய்வுகள் காணவில்லை. கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு நுட்பமான வேறுபாடு வெளிப்பட்டது. மாணவர் எழுதிய இறுதி விடையை மட்டும் சரி, தவறு என்று சொல்லும் மென்பொருள்கள் ஓரளவே உதவின. கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்து, தவறிய படியிலேயே சுட்டிக்காட்டும் மென்பொருள்கள் மனித ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தந்தன.

அத்தகைய மென்பொருளை ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகச் செய்ய ஆண்டுக்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்ற உரையாடல் இயந்திரம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. எந்தப் பாடத்திலும், எந்தப் படியிலும் பேசக்கூடிய ஒன்று எல்லோர் கையிலும் வந்துவிட்டது. இணையம் விளக்கத்தை மலிவாக்கியது என்றால், இது பின்னூட்டத்தையே மலிவாக்கியது. ஆனால் அதே மூச்சில் விடையையும் மலிவாக்கிவிட்டது.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஹம்சா பஸ்தானி முதலியோர் நடத்திய ஆய்வைக் கவனமாகப் படிக்க வேண்டும். கணக்குப் பயிற்சி வேளையில் ஒரு குழுவுக்கு வழக்கமான உரையாடல் இயந்திரம் கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்குக் கொடுத்தது அதே இயந்திரம்தான், ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டும். பயிற்சியின்போது முதல் குழு மூன்றாவது குழுவைவிட 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் நன்றாகச் செய்தது. பிறகு இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழுவின் மதிப்பெண், இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. குறிப்பு மட்டும் பெற்ற இரண்டாவது குழுவுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. முதல் குழுவினருக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்ற உணர்வும் இல்லை. விரிப்பை உருவும் வீடியோவை இருபது முறை பார்த்தவர்களின் நிலைதான் இதுவும்.

ஹார்வர்டில் 194 இயற்பியல் மாணவர்களிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு இதன் மறுபக்கம். அங்கே செயற்கை நுண்ணறிவு ஆசிரியரோடு வீட்டில் இருந்து கற்றவர்கள், நன்றாக நடத்தப்பட்ட குழுச்செயல்பாட்டு வகுப்பில் கற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். ஆனால் அந்த இயந்திரத்தை மாணவர் கையில் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் பேச வேண்டும், மாணவர் யோசிக்குமுன் விடையைக் கொட்டக் கூடாது, சரியான தீர்வுகளை முன்கூட்டியே ஊட்டியிருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஒவ்வொன்றையும் வடிவமைத்திருந்தார்கள். இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கே இடமில்லை. விடையை எந்த இடத்தில் நிறுத்திவைக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் இயந்திரங்களோ, பெரும்பாலும் கேட்டதும் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை.

இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. இந்த மொழி இயந்திரங்கள் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்தே வாக்கியம் அமைக்கின்றன. சரியானதைச் சொல்லும் அதே தெளிவோடு தவறையும் சொல்லும். பொருள் தெரிந்தவர் படித்த உடனே முகம் சுளிப்பார். தெரியாதவருக்கு அந்தச் சுளிப்பு வராது, ஏனென்றால் அவர் கற்க வந்ததே அதைத்தான். ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்று அறிஞர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள், மாணவர்கள் என 45 பேர் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, பேராசிரியர்கள் பலரும் அதே பக்கத்தை மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துபவர் யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான். வலைப்பக்கத்திலிருந்து இப்படி வெளியேறிப் பார்க்கலாம். இயந்திரம் உரையாடலில் தரும் பதிலில் பல நேரம் வெளியேறிப் போக ஓர் இடமே தெரிவதில்லை, எழுதியவர் என்று யாரும் இல்லை. பள்ளியில் புதிதாக ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் இந்தச் சரிபார்க்கும் பழக்கத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுவதால், வீட்டுப்பாடமாகக் கட்டுரை எழுதிவரச் சொல்வது கிட்டத்தட்ட பொருளிழந்துவிட்டது. பலர் மறுபடி வகுப்பிலேயே கையால் எழுத வைக்கிறார்கள், வாய்மொழித் தேர்வுக்குத் திரும்புகிறார்கள். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் நேர்மையாக எழுதியவரையும் குற்றவாளியாக்கியிருக்கின்றன, குறிப்பாகத் தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களை. அவற்றை நம்பித் தண்டனை தருவது அநியாயம்.

மறுமுனையில் ஓர் ஆள்

ஆசிரியரின் இடம் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு நம்பிக்கை தருகிறது. இணையவழியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சுமார் 900 பயிற்றுநர்களும் 1,800 மாணவர்களும் அதில் இருந்தார்கள். இயந்திரம் மாணவரோடு பேசவில்லை, பயிற்றுநருக்கு மட்டும் அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசனை சொன்னது. பாடத்தில் தேர்ந்த மாணவர்களின் விகிதம் 4 சதவீதப் புள்ளி கூடியது. முன்பு பின்தங்கியிருந்த பயிற்றுநர்களின் மாணவர்களிடம் 9 புள்ளி கூடியது. அந்தப் பயிற்றுநர்கள் விடையை எடுத்துக் கொடுப்பதைக் குறைத்து, வழிகாட்டும் கேள்விகளை அதிகம் கேட்கத் தொடங்கினார்கள் என்பதுதான் அதில் முக்கியம். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்திருப்பது போன்ற உதவி அது.

இதெல்லாம் இணைய இணைப்பு இருப்பவர்களின் கதை. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ஐநாவின் தொலைத்தொடர்பு ஒன்றியம், உலகில் 260 கோடிப் பேர் இன்னும் இணையத்துக்கு வெளியே இருப்பதாக மதிப்பிட்டது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த ஆண்டு யுனிசெஃபும் அந்த ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 3 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வீட்டில் இணைய வசதியில்லை என்றது. இணைப்பு இருந்தாலும் மொழி ஒரு தடை. வலைத்தளங்களில் ஏறக்குறைய பாதி ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மொழி இயந்திரங்கள் பயின்றதும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான். எழுத்து குறைவாக இருக்கும் மொழியில் கேட்பவருக்குத் தவறான பதில் வர வாய்ப்பு அதிகம், அதைச் சரிபார்க்க வேறு பக்கங்களும் குறைவு. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் அந்த மொழிகளில்தான் படிக்கிறார்கள்.

அதே 2020இல் போட்ஸ்வானாவில் நோம் ஆங்க்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மன், மொய்ட்ஷெபி மட்ஷெங் மூவரும் சுமார் 4,500 குடும்பங்களிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். செயலியும் இல்லை, வீடியோவும் இல்லை, சாதாரணக் கைப்பேசி மட்டும். ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் சில கணக்குகள் அனுப்பப்பட்டன. இன்னொரு பிரிவுக்கு அதே குறுஞ்செய்தியோடு, வாரம் ஒரு முறை பதினைந்து இருபது நிமிடம் தொலைபேசி அழைப்பும் வந்தது. அழைத்தவர் பிள்ளையை அருகில் வரச் சொல்லி, அந்த வாரக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்த்தார். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள்.